அட்டைக் கோட்டைக்கு ஒரு காவல்காரி

பால்வாடியிலும் நர்சரியிலும் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் செத்த நேரம் பேசச் சொன்னார்கள். பாட்டு, கதை, எழுத்து எல்லாவற்றையும் எப்படிச் சொல்லித் தருவது என்று பயிற்சியிலேயே உங்களுக்குக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். அதில் நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு நடந்த ஒரு நாளைச் சொல்கிறேன். அந்த நாளில் எனக்குத் துணை நின்றவர்கள் சிலர் உண்டு. இந்த வேலையில் நான் கடைசிவரை இருந்ததற்கு அவர்கள்தான் காரணம். அவர்களைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

எண்பதுகளில் இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் பஸ் பிடித்துப் போய் சாயங்காலம் திரும்புவேன். மில்லில் பகல் ஷிப்ட் பார்க்கும் பெண்கள் தங்கள் பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டு உள்ளே போவார்கள். கைக்குழந்தைகளுக்குத் தொட்டில் அறை தனி. அதை மாரியம்மா என்கிற ஆயா பார்த்துக்கொண்டார். மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகள் என் பொறுப்பு.

சேர்ந்த புதிதில் எனக்கு ஒன்று புரியவில்லை. அந்தப் பிள்ளைகள் அந்த வயசுக்கு மீறி அமைதியாக இருந்தார்கள். ஓடச் சொன்னால் நடப்பார்கள். கத்திப் பாடச் சொன்னால் முணுமுணுப்பார்கள். நல்ல பிள்ளைகள் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். அப்புறம் ஒரு நாள் தொழிலாளர் குடியிருக்கும் மில் லைன் வீடுகளுக்குப் போனபோதுதான் காரணம் தெரிந்தது. ஒற்றை அறை வீடு. இரவு ஷிப்ட் முடித்த அப்பாமார் பகலெல்லாம் அந்த அறையில்தான் தூங்க வேண்டும். "சத்தம் போடாதலே, அப்பா தூங்குதாரு" என்பதைத்தான் அந்தப் பிள்ளைகள் பேசத் தெரிந்த நாள் முதலாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வீட்டு வாசலிலும் ஓட முடியாது. அங்கேயும் யாரோ ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

இந்தப் பிள்ளைகளை எப்படியாவது ஓட வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அந்தச் சமயத்தில் மில் முதலாளி வீட்டிலிருந்து சில பழைய இங்கிலீஷ் படப் புத்தகங்கள் காப்பகத்துக்கு வந்தன. ஒன்றில் உடம்பு முழுக்க இரும்புக் கவசம் போட்டுக் குதிரையில் போகும் வீரன் ஒருவனின் படம் இருந்தது. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

"இது யாரு டீச்சர்?"

"அந்த ஊரில் குதிரைமேல் போய்க் கோட்டையைக் காப்பாற்றுகிற வீரன். அவனை நைட் என்று சொல்லுவாங்க" என்றேன்.

ஜமீலா என்று ஒரு பிள்ளை. நான்கு வயசு. காதில் பெரிய கம்மல், எப்போதும் ஒரு பக்கம் அவிழ்ந்த சடை. அவள் 'அத்தா' என்று கூப்பிடும் அப்பா காசிம், நூல் நூற்கும் ரிங் பிரேமில் வேலை. அம்மா ஆயிஷா வைண்டிங்கில், அதாவது நூலைக் கோனில் சுற்றும் பகுதியில். ஜமீலா எழுந்து நின்று பெருமையாகச் சொன்னாள்:

"எங்கத்தாவும் நைட்டுதான் டீச்சர்!"

உடனே ஆளாளுக்கு எழுந்தார்கள். "எங்கப்பாவும் நைட்டு!" "எங்க மாமாவும் இந்த வாரம் நைட்டு!" இது ராத்திரி இல்லை, வேறு நைட் என்று நான் சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. அந்த இரும்பு மனிதன் ராத்திரி ஷிப்டுக்குத்தான் போகிறான் என்று முடிவாகிவிட்டது. அப்பாமார் எல்லாரும் வீரர்கள் என்றால், நாமும் வீரர்களாகலாமே என்று ஆரம்பித்ததுதான் எங்கள் நைட்டு விளையாட்டு.

மில்லில் நசுங்கிப்போன பேப்பர் கோன்களைக் கழித்துப் போடுவார்கள். அதைத் தலைமேல் வைத்து, ஊரிலிருந்த பேண்டேஜ் கம்பெனியில் கழித்த நாடாத் துணியால் தாடையில் கட்டினால் அதுதான் கிரீடம். தென்னை மட்டை குதிரை. அட்டை கேடயம். வாள் மட்டும் நான் கொடுக்கவில்லை. கேட்டு அழுதார்கள். "நைட்டுக்கு ரெண்டு கையும் குதிரையைப் பிடிக்கத்தான் சரியா இருக்கும்" என்று சொல்லிச் சமாளித்தேன். நீங்களும் கொடுக்காதீர்கள். கண்ணுக்கு ஆபத்து என்பது ஒன்று. கையில் வாள் இருந்தால் விளையாட்டு சண்டையாகி இரண்டே நிமிஷத்தில் முடிந்துபோகும் என்பது இன்னொன்று. வாள் இல்லாதபோது அவர்கள் எங்கேயாவது போயாக வேண்டும், எதையாவது தாண்டியாக வேண்டும்.

பெஞ்சுக்கு அடியில் தவழ்ந்தால் குகை. சாக்பீஸ் கோட்டின் மேல் விழாமல் நடந்தால் பாலம். கயிற்றைத் தாண்டினால் அகழி. கழிவுப் பஞ்சில் சுற்றிய பந்தால் சுவரில் வரைந்த பூதத்தை அடிக்க வேண்டும். சில வாரங்களில் பிள்ளைகள் மாறிவிட்டார்கள். மத்தியானச் சோற்றை மீதம் வைப்பதில்லை. தொண்டை திறந்து கத்தினார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

காப்பகத்தின் பின்பக்கம் பாய் தலையணை போட்டு வைக்கும் சின்ன அறை ஒன்று இருந்தது. கோன் அடுக்கி வரும் பெரிய அட்டைப் பெட்டிகளை அங்கே சுவர்போல அடுக்கிக் கோட்டை கட்டினார்கள். கோட்டைக்குக் காவல் வேண்டும் அல்லவா? அதற்கு நான் விதி எதுவும் சொல்லவில்லை. அவர்களே போட்டுக்கொண்டார்கள். காவலுக்கு நிற்பவர், மாத்தாள் வராமல் இடத்தை விட்டு நகரக் கூடாது.

மாத்தாள் என்றால் அடுத்த ஷிப்டுக்கு வருகிற ஆள். ஓடுகிற மெஷினை அவர் கையில் ஒப்படைத்த பிறகுதான் முதல் ஷிப்ட்காரர் வெளியே வரலாம். ஒருமுறை காசிமுக்கு மாத்தாள் வராமல் போய், இரவெல்லாம் வேலை பார்த்தவர் பகலிலும் தொடர்ந்து நிற்க வேண்டியதாயிற்று. சாப்பாடு கொடுக்க ஆயிஷா மகளைக் கூட்டிக்கொண்டு மில் கேட்டுக்குப் போயிருக்கிறாள். "வீட்டுக்கு வாங்கத்தா" என்று ஜமீலா கையைப் பிடித்து இழுக்க, "மாத்தாள் வரல தங்கம், நா எப்படி வர?" என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளை அதை அப்படியே கொண்டுவந்து எங்கள் கோட்டை வாசலில் வைத்துவிட்டது. இன்னொரு விதியும் உண்டு. எதிரி வந்தால் காவல்காரர் மூச்சுக் காட்டாமல் பெட்டிக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும்.

இங்கே ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். தொண்ணூறுகளில் நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு நர்சரிப் பள்ளிக்கு மாறி, அங்கேயும் இந்த விளையாட்டைக் கொண்டுபோனேன். வன்னியம்பட்டியிலிருந்து வரும் பையன் ஒருவன் குதிரையில் ஏறவே மாட்டேன் என்றான். கூச்சம் என்று நினைத்துச் சமாதானம் சொன்னேன், தூக்கி உட்கார வைக்கப் பார்த்தேன், கையை உதறிக்கொண்டு ஓடினான். கடைசியில்தான் ஏன் என்று கேட்டேன். "அதுக்கு வலிக்கும்" என்றான். அவன் வீட்டில் உழவு மாடு. பாரம் ஏற்றும்போது அவன் அப்பா மாட்டின் முதுகைத் தடவிக்கொடுப்பாராம். சரி, நீ குதிரையாகவே இரு, உன்மேல் யாரும் ஏற மாட்டார்கள் என்றேன். அந்த வாரம் முடிவதற்குள் வகுப்பில் பாதிப் பேர் ஆள் ஏறாத குதிரைகள். வீரர்களைவிட அவர்கள்தான் நன்றாக ஓடினார்கள். பிள்ளைகள் விளையாட்டுக்குள் தங்கள் வீட்டைக் கொண்டுவருவார்கள். அது என்ன என்று நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மறுபடி மில்லுக்கு வருகிறேன். அங்கே தொழிலாளர் நலனைப் பார்க்கும் ஆபீசர் ஒருவர் இருந்தார். கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. ஒரு நாள் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், இது காப்பகமா சர்க்கஸா? நாலு எழுத்துச் சொல்லிக்குடுத்தா தாய்மாருக்காவது சந்தோஷமா இருக்கும்" என்றார். எழுத்தும் சொல்லிக்கொடுக்கிறேன் சார் என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை. பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குச் சில நாள் கழித்துத்தான் அது நடந்தது.

முற்பகல் நேரம். பிள்ளைகள் குகைக்குள் தவழ்ந்துகொண்டிருந்தார்கள். நேரம் கெட்ட நேரத்தில் மில் சங்கு ஊதியது. ஷிப்டுக்கு ஊதுவதுபோல ஒருமுறை ஊதி நிற்கவில்லை. விடாமல் ஊதியது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் கழிவுப் பஞ்சுக் கொட்டகை. அதன் கூரைக்கு மேல் மஞ்சளும் கறுப்புமாகப் புகை சுருண்டு எழுந்தது. பஞ்சுப் புகையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தீ கண்ணுக்கே தெரியாது, புகை மட்டும் ஆளை அடிக்கும். காற்று எங்கள் பக்கம்தான் வீசியது.

தீ என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்தால் பிள்ளைகள் மூலைக்கு ஒருவராகச் சிதறிவிடுவார்கள் என்று மட்டும் தெரிந்தது. கையைத் தட்டினேன்.

"வீரர்களே! குதிரையில் ஏறுங்க! இன்னிக்கு வேப்பமரக் கோட்டைக்குப் போறோம். முன்னால போறவங்க சட்டையைப் பிடிச்சுக்கிடணும். விட்டவங்க அகழியில விழுந்துருவாங்க!"

சிரித்துக்கொண்டே வரிசை கட்டினார்கள். மாரியம்மா இரண்டு கைக்குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். பக்கத்து டிபார்ட்மெண்டிலிருந்து தாய்மார் பாய்ந்து வந்து மற்ற தொட்டில்களிலிருந்து அள்ளிக்கொண்டார்கள். நான் பின்னறைக் கதவில் தலையை நீட்டி, "எல்லாரும் வெளியே வாங்க" என்று கத்தினேன். பாயும் பெட்டியும்தான் தெரிந்தன. யாரும் இல்லை. பிள்ளைகளை நடத்திக்கொண்டு கேன்டீன் பக்கம் இருந்த வேப்பமரத்தடிக்கு வந்தேன்.

அங்கே வந்ததும் ஒவ்வொரு தலையாகத் தொட்டேன். மறுபடியும் தொட்டேன். ஜமீலா இல்லை.

ஆயிஷா அதற்குள் ஓடி வந்துவிட்டாள். தலையெல்லாம் பஞ்சு. "எம்புள்ள எங்க டீச்சர்?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். புகையை நோக்கி ஓடப் போனவளை இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

வைண்டிங் மேஸ்திரி ஒருவர், ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு காப்பகத்துக்குள் ஓடினார். உள்ளே "பாப்பா, பாப்பா" என்று அவர் கத்துவது எங்களுக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இருமிக்கொண்டே வெளியே வந்தார்.

"உள்ள யாருமில்ல டீச்சர். அந்தப் பக்கம் வேற எங்கயாச்சும் ஓடிருக்கும். நாங்க மில்லுக்குள்ள தேடுதோம்."

எல்லாரும் மில் பக்கம் திரும்பினார்கள். நானும் திரும்பியிருப்பேன். ஆனால் ஒரு வருஷமாக அந்தப் பிள்ளையைப் பார்த்தவள் நான். சொல்லாமல் ஓடுகிற பிள்ளை இல்லை அவள். மரத்தடியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் முன்னால் மண்டியிட்டேன். பதறாமல் கேட்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"ஜமீலா நைட்டு எங்கே போயிருக்காங்க? யாருக்காச்சும் தெரியுமா?"

சுப்பு என்ற பையன், இதுகூடத் தெரியாதா என்பதுபோல என்னைப் பார்த்தான்.

"அவ காவல்ல நிக்கா டீச்சர். மாத்தாள் வரலையே."

எனக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கியது. சங்கு ஊதியதும் எதிரி என்று நினைத்திருக்கிறாள். பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறாள். நான் கூப்பிட்டது 'எல்லாரும்' என்று. காவல்காரி அந்த எல்லாரில் சேர்த்தி இல்லை. முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு கத்தியபடி வந்த மேஸ்திரியோ அவளுக்கு அசல் எதிரி. இன்னும் எத்தனை பேர் உள்ளே போனாலும் அவள் வெளியே வர மாட்டாள். இன்னும் உள்ளே தள்ளித்தான் ஒளிவாள்.

"பெட்டிக்குள்ள இருக்கா" என்றேன் மேஸ்திரியிடம். "நீங்க போனா வர மாட்டா. நான் போறேன்."

"புகை கூடிப்போச்சு டீச்சர். பெட்டிய எல்லாம் நான் தள்ளிவிட்டுத் தூக்கிட்டு வாரேன்."

"இருட்டுல அம்புட்டுப் பெட்டியையும் தள்ளினா அவ மேலதான் விழும். அவளா எழுந்து வரணும். நீங்க கதவுல நில்லுங்க. நான் கூப்பிட்டா வாங்க."

அவர் வாதம் பண்ணவில்லை. தன் முகத்துத் துண்டை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். சாக்கு ஒன்றை வாளித் தண்ணீரில் முக்கிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். நான் சுப்புவின் தலையிலிருந்த கோனை வாங்கி என் தலையில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். கலைந்த தலையும் காகிதக் கோனுமாகப் புகைக்குள் ஓடியவளைப் பார்த்து அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

முன்கூடத்தில் இடுப்புக்கு மேலே எதுவும் தெரியவில்லை. தவழ்ந்து போனேன். பின்னறையில் கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. துண்டை வாயிலிருந்து எடுத்தேன். அவள் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும்போல் இருந்தது. அடக்கிக்கொண்டு, தினமும் விளையாடும்போது பேசும் குரலில் சொன்னேன்.

"ஜமீலா நைட்டு! சங்கு ஊதிருச்சு. மாத்தாள் வந்திருக்கேன்."

சத்தமே இல்லை. மறுபடி சொன்னேன். மூலையில் ஒரு பெட்டிக்குள்ளிருந்து இருமல். பிறகு ஒரு சின்னக் குரல்.

"யாரு?"

"நான் டீச்சர் நைட்டு."

"தொப்பி போட்டிருக்கீகளா?"

"போட்டிருக்கேன். தொட்டுப் பாரு."

பெட்டி மூடி அசைந்தது. ஒரு கை வெளியே வந்து தடவி, என் தலைக் கோனைத் தொட்டது. "கோட்டையப் பாத்துக்கிடுங்க டீச்சர்" என்றது அந்தக் குரல். "நான் பாத்துக்கிடுதேன். நீ வீட்டுக்குப் போ" என்றேன். எழுந்து என் கைக்குள் வந்தாள். அவளை மார்போடு சேர்த்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினால் கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. "டீச்சர், இங்கன!" என்று மேஸ்திரி குரல் கொடுத்தார். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஈரச் சாக்கை எங்கள் இருவர் மேலும் போர்த்தி வெளியே இழுத்தார்.

அவர் பெயரைக்கூட அன்று நான் கேட்கவில்லை. என்னைத் தள்ளிவிட்டுத் தானே உள்ளே போயிருக்கலாம். பொம்பளைக்கு என்ன தெரியும் என்று நினைத்திருக்கலாம். கதவில் நில்லுங்கள் என்றதும் நின்றார். அந்த இடத்தை விட்டு அவர் நகர்ந்திருந்தால் நாங்கள் வெளியே வந்திருப்போமா தெரியாது.

மில் டிஸ்பென்சரியில் ஜமீலாவுக்கு மருந்து கொடுத்தார்கள். இருமல், கண் எரிச்சல், அவ்வளவுதான். தீயை மத்தியானத்துக்குள் அணைத்துவிட்டார்கள். கொட்டகை போயிற்று, யாருக்கும் காயம் இல்லை.

ஆனால் என் வேலை முடியவில்லை. வேப்பமரத்தடிக்கு ஜமீலாவைக் கொண்டுவந்ததும் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அவளைத் திட்ட ஆரம்பித்தார்கள். பயம் தெளிந்ததும் வருகிற கோபம் அது. "ஏட்டி, கூப்பிட்டா வர மாட்டியா?" "எம்புட்டுப் பேரு உன்னால அலைஞ்சாக தெரியுமா?" ஆயிஷா மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டே முதுகில் இரண்டு அடியும் வைத்தாள். ஜமீலா அழவில்லை. என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் என்னையே பார்த்தாள்.

இதுபோன்ற நேரம் உங்களுக்கும் வரும். அப்போது அவசரப்படாதீர்கள். அந்தப் பிள்ளையின் காதில் விழப்போகும் அடுத்த வார்த்தை ரொம்ப நாள் அதனிடம் தங்கியிருக்கும். நான் பிள்ளைகள் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்தேன். ஜமீலாவை நடுவில் நிறுத்தினேன்.

"இன்னிக்கு ஜமீலா நைட்டு கோட்டையை நல்லாப் பாத்துக்கிட்டாங்க. எல்லாரும் கை தட்டுங்க" என்றேன்.

தட்டினார்கள். பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். பிறகு பிள்ளைகளைக் கேட்டேன். "ஆனா சங்கு நிக்காம ஊதினா, புகை வந்தா, மாத்தாள் வர முடியாது. அப்போ காவல்காரங்க என்ன செய்யணும்?"

"வெளிய வந்துரணும்" என்றான் ஒருவன்.

ஜமீலா ஒத்துக்கொள்ளவில்லை. "அப்போ கோட்டைய யாரு பாப்பா?"

சுப்புதான் சொன்னான்.

"கோட்டை அட்டைப்பெட்டிதான ஜமீலா. நாம பொறவு கட்டிக்கிடுவோம்."

அவள் சரி என்று தலையை ஆட்டினாள். அந்த விதியை நான் சொல்லியிருந்தால் அவள் ஏற்றிருக்க மாட்டாள் என்றே இன்றும் நினைக்கிறேன்.

இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த காசிம் கட்டிய கைலியோடு ஓடி வந்தார். மகளைத் தூக்கி, ஏன் வரவில்லை என்று கேட்டார். "மாத்தாள் வரலத்தா" என்றாள். அவர் அப்படியே மரத்தின் வேரில் உட்கார்ந்துவிட்டார். நெடுநேரம் அவளை மடியை விட்டு இறக்கவில்லை.

சாயங்காலம் ஷிப்ட் விட்டதும் ஆபீசர் எங்களைக் கூப்பிட்டார். தாய்மாரும் நின்றார்கள். அவர் கோபமாகப் பேசவில்லை. அதனால்தான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

"டீச்சர், மத்த பிள்ளைகளை நீங்க கூட்டிட்டு வந்த விதத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா இந்த விளையாட்டு இல்லேன்னா அந்தப் பிள்ளை உள்ளேயே நின்னுருக்காது. எதுக்கு இந்த வம்பு? நாளையிலிருந்து பிள்ளைங்க உக்காந்து படிக்கட்டும். ஓட்டமும் ஆட்டமும் வேண்டாம்."

அதில் பாதி உண்மை. தாய்மாரில் சிலரும் தலையை ஆட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று முழுக்க அவர்கள் பட்டது அவ்வளவு.

பின்னால் நின்ற காசிம் முன்னால் வந்தார்.

"சார், நா ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லுப்பா."

"எம் மக பயந்துபோய் ஒளியல சார். ஒரு வேலைய நம்பி அவகிட்டக் குடுத்தாக. அதை விட்டுட்டு அவ வரல. அந்தப் பழக்கம் டீச்சர் சொல்லிக் குடுத்ததில்ல, என்னயப் பாத்து வந்தது. வெளையாட்ட நிறுத்தினா, நீ நின்னது தப்புன்னு அவகிட்டச் சொல்ற மாதிரி ஆயிரும். அப்படிச் சொல்லிறாதீய சார். எப்ப வரணும்னு மட்டும் சொல்லிக் குடுத்தாப் போதும். அதை டீச்சர் மத்தியானமே சொல்லிக் குடுத்துட்டாக."

ஆபீசர் ஜமீலாவைப் பார்த்தார். அப்பாவின் கைலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அந்தப் பின்னறைக்கு வெளியே போக இன்னொரு கதவு கிடையாது, இல்லையா டீச்சர்?"

"கிடையாது சார்."

"முதல்ல அதுக்குக் கதவு வைக்கணும்" என்றார். விளையாட்டைப் பற்றி வேறு எதுவும் சொல்லவில்லை. கதவு அந்த மாதமே வந்தது. மேனேஜ்மெண்டிடம் எப்படிப் பேசினார் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு சர்க்கஸ் என்று அவர் சொல்லவே இல்லை.

அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. வேலையை விட்டுவிடலாம் என்றே நினைத்தேன். ஆபீசர் விட்டுவிட்டார், சரி. தாய்மார் விடுவார்களா? மறுநாள் ஒரு பிள்ளையாவது வருமா? என் பிள்ளையாக இருந்தால் நான் அனுப்புவேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அனுப்புவேன் என்று தைரியமாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் சீக்கிரமே போய்விட்டேன். காப்பகத்தில் புகை வாடை போகவில்லை. அதனால் கேன்டீன் கூடத்தில் ஒரு பக்கத்தை ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். மாரியம்மாவும் நானும் தரையைக் கூட்டிப் பாய் விரித்தோம். இருவருமே வாசலைப் பார்க்காமல் வேலை செய்துகொண்டிருந்தோம்.

முதலில் வந்தவள் ஆயிஷா. ஜமீலா இடுப்பில் இருந்தாள். குளித்து, சடை இறுக்கிப் பின்னி, புதுசாய்த் துவைத்த பாவாடை. ஆயிஷாவின் கண் வீங்கியிருந்தது. இரவு அவளும் தூங்கியிருக்க மாட்டாள். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் மகளைப் பாயில் இறக்கிவிட்டாள்.

ஜமீலா கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். பெஞ்சுகள், அண்டாக்கள், புது இடம். என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், இன்னிக்கு யாரு காவல்?"

நான் ஆயிஷாவைப் பார்த்தேன். அவள் குனிந்து மகளின் பாவாடையை இழுத்துச் சரிசெய்தாள்.

"இன்னிக்கு டீச்சர் நிப்பாக. நீ ஓடி வெளையாடு" என்றாள். என்னிடம், "வாரேன் டீச்சர்" என்றாள்.

ஷிப்ட் சங்கு ஊதியது. ஆயிஷா திரும்பிப் பார்க்காமல் வைண்டிங் பக்கம் நடந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றத் தாய்மாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். நான் கேன்டீன் வாசலில் போய் நின்றுகொண்டேன்.